முழுசா சொல்ல விடுங்க, டாக்டர்

பாடி மேம்பாலம் இறங்கி சி.டி.எச். ரோட்டில் ஆவடி வரைக்கும் ஒரு தடவை வந்து பாருங்கள். பேக்கரிக்கும் பிரியாணிக் கடைக்கும் அடுத்தபடியாகக் கண்ணில் படுவது லேபும் ஸ்கேன் சென்டரும்தான். கீழே மெடிக்கல் ஷாப், மாடியில் எலும்பு டாக்டர், அதற்கு மேல் மாடியில் குழந்தையின்மை சிகிச்சை. பூந்தமல்லியில் மெட்ரோ தூண்கள் மறைத்தது போக மிச்சமிருக்கும் சுவரெல்லாம் ‘ஃபுல் பாடி செக்கப்’ ஆஃபர். காலையில் பையன் பைக்கில் வந்து வீட்டு ஹாலிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறான். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்து விழுகிறது. எல்லாம் இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் காது கொடுத்துக் கேட்கிற ஒரு டாக்டரைத்தான் அம்பத்தூர் ஓ.டி.க்கும் கரையான்சாவடிக்கும் நடுவில் வலைபோட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

ஐந்து மணிக்கு டோக்கன். டாக்டர் ஆறரைக்கு வருகிறார். நம் முறை எட்டு மணிக்கு. “என்ன பண்ணுது?” என்று கேட்கிறார். கேள்வியில் ஒரு குறையும் இல்லை. இதைவிட நல்ல கேள்வியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கேட்டவரின் கண் கம்ப்யூட்டரில் இருக்கிறது. “போன வாரம் திருத்தணி போயிட்டு வந்ததுல இருந்து டாக்டர்...” என்று வாயைத் திறந்தால் போதும், “ஜுரமா? எத்தனை நாளா? வாந்தி? சுகர் இருக்கா?” என்று வரிசையாக வருகிறது. நான்குக்கும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லி முடிப்பதற்குள் பிரின்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்துவிடுகிறது. நமக்குப் பின்னாலேயே அதே அறையில் அடுத்த டோக்கன்காரர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரை வைத்துக்கொண்டு மூலத்தில் ரத்தம் போகிறது என்று எந்த மனுஷன் சொல்லுவான்? மருமகளுக்கு வெள்ளைப்படுதல் என்று வந்திருப்பார்கள்; பேசுவது முழுக்க மாமியார். மருமகள் சுவரில் மாட்டியிருக்கும் இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேரம் இல்லை என்கிறார்கள். நேரம் இல்லாதது புரிகிறது. ஆனால் கேட்க நேரமில்லாததால் டெஸ்ட் எழுதுகிறேன் என்பது எந்த ஊர் நியாயம் என்றுதான் புரியவில்லை. நேரம் அவருக்கு மிச்சம், காசு நமக்குச் செலவு.

இது ஏதோ படிக்காதவன் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 1975இல் இங்கிலாந்தில் ஹாம்ப்டன் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் புதிதாக வந்த 80 வெளிநோயாளிகளை வைத்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். அனுப்பிவைத்த டாக்டரின் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதையும் கேட்டுவிட்டு, ‘இதுதான் நோய்’ என்று முதலில் ஒன்று எழுதிக்கொள்வது. தொட்டுத் தட்டிப் பார்த்த பிறகு இன்னொன்று. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் வந்த பிறகு மூன்றாவதாக ஒன்று. கடைசியில் சரி என்று தெரிந்த நோய், 66 பேருக்கு முதல் கட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்ததால் மாறியது 7 பேருக்கு. டெஸ்டால் மாறியதும் 7 பேருக்குத்தான்.

அது ஸ்கேன் இல்லாத காலம் என்பீர்கள். சரி. இன்றைக்கு எந்த டாக்டரும் காதை மட்டும் வைத்துக்கொண்டு மூளையில் இருக்கும் ரத்தக்கட்டியைப் பார்த்துவிட முடியாது. ஸ்கேனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுக்கிற டெஸ்டுக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று போடுகிறார்களே, அந்த எல்லையைப் பெரும்பாலும் ஆரோக்கியமான ஆட்களில் 95 சதவீதம் பேர் உள்ளே வரும்படிதான் வகுத்திருக்கிறார்கள். மிச்சம் ஐந்து சதவீதம் பேர் நன்றாக இருக்கும்போதே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்டை ஒரே ஆளுக்கு எடுத்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள், கல் மாதிரி இருக்கிற நூறு பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒன்றாவது தடித்த எழுத்தில் வரும். அதைத் துரத்திக்கொண்டு அடுத்த டெஸ்ட், அதற்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட், அவர் எழுதும் இன்னொரு ஸ்கேன். எண்பது டெஸ்ட் இவ்வளவு ரூபாய் என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஓரமாகப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

நம் ஆட்கள் கதை சொல்வதும் லேசுப்பட்ட காரியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். “எப்ப இருந்தும்மா வலி?” என்று கேட்டால் எங்கள் தெருவில் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். “மருமக சீமந்தத்துக்கு முன்னாடி” என்பார்கள். “ஆடிக் கிருத்திகைக்கு மாவு இடிச்சேன் பாருங்க, அன்னைக்குத்தான் முதல்ல சுருக்குன்னுது” என்பார்கள். டாக்டருக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் தேதி இருக்கிறது, வலியின் தன்மை இருக்கிறது, கையை ஓங்கி வேலை செய்தபோது வந்தது என்ற தகவலும் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏறுவதோ ‘நெஞ்சு வலி, ஒரு மாதமாக’ என்பது மட்டும். சுருக்கென்று குத்தி ஒரு நொடியில் போகிற வலியும், மாடிப்படி ஏறும்போது பாறாங்கல்லை வைத்து அழுத்துவதுபோல் வந்து, நின்றால் விட்டுப்போகிற வலியும் ஒன்றா? இரண்டாவது வலி வந்தவரை அப்படியே உட்கார வைத்து ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இடுப்பிலிருந்து முன்பக்கமாக இறங்குகிற வலியில் ஒரு இடத்தில் இருக்க முடியாமல் புரண்டு புரண்டு படுக்கிறவருக்குச் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். அசைந்தால் உயிர் போகிறது என்று ஆடாமல் அசையாமல் கிடக்கிறவருக்கு வயிற்றுக்குள் வேறு விபரீதம். இதெல்லாம் மருத்துவப் பாடப் புத்தகத்தில் முதல் அத்தியாயம். படிக்காமலா பாஸ் செய்தார்கள்?

தலைசுற்றலையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தால் பிரஷர் மாத்திரையின் அளவைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது மட்டும் தள்ளாடினால் அது வேறு வழி. படுக்கையில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் வீடே சுற்றி, அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் அது உள்காதில் சின்னச் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதால் வருவது. தலையை ஒரு கணக்கோடு இப்படியும் அப்படியும் திருப்பிப் படுக்கவைத்தே அந்தத் துகளைப் பழைய இடத்துக்கு அனுப்புகிறார்கள். எப்லி என்ற அமெரிக்க டாக்டரின் பெயரால் அந்த முறை வழங்குகிறது. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. ‘எப்போது சுற்றுகிறது’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

“விட்டா பேசிக்கிட்டே இருப்பாங்க சார்” என்று எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் சொன்னார். இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர், டாக்டரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளைக் கேட்டுப் பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பாய்ந்துவிட்டார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர்தான். பிறகு 2002இல் சுவிட்சர்லாந்தில் ஒரு காரியம் செய்தார்கள்: டாக்டர்களை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். நோயாளியாக நிறுத்தும் வரைக்கும் கேட்க வேண்டும். 335 பேரை அளந்ததில் சராசரி ஒன்றரை நிமிஷம். பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் இரண்டு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்கள். சுவிஸ்காரர்களுக்குச் சீமந்தம், காதுகுத்து எல்லாம் கிடையாது என்பதால் நமக்கு இன்னும் ஒரு நிமிஷம் கூட்டிக்கொள்ளலாம். மூன்று நிமிஷம்! வாசலில் மூன்று மணி நேரம் உட்காரவைத்ததற்கு இது கூடவா கிடையாது?

மாமாவின் கதையைச் சொன்னால்தான் என் கடுப்பு புரியும். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். பட்டாபிராம் தாண்டிப் புது மனைப்பிரிவில் வீடு. சுற்றிலும் பாதி மனைகள் காலி, முள்ளும் புதரும். அவருக்கு ஜுரம் வந்தது. தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. டெங்கு சீசன் வேறு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தட்டணு குறைந்திருக்கிறது, டெங்குதான் என்றார்கள். டெங்கு டெஸ்டில் இல்லை என்று வந்தது. சில சமயம் அப்படித்தான் வரும் என்றார்கள். வைடால் டெஸ்டில் டைஃபாய்டு என்று வந்தது. உடனே அதற்கும் ஊசி. வைடால் நம்மூரில் எத்தனையோ பேருக்குச் சும்மாவே பாசிட்டிவ் காட்டும் என்பது லேப் பையனுக்கே தெரியும். வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள், கல்லீரல் லேசாக வீங்கியிருக்கிறது என்றது. ஒரு வாரம் தாண்டியும் ஜுரம் இறங்கவில்லை, பில் ஏறியது. “ஃபீவர் ப்ரொஃபைல் திரும்ப ஒரு தடவை பார்த்துடலாம்” என்று வந்து நின்றார்கள்.

அக்கா ஆளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி, வயதான ஒரு டாக்டரிடம் போனோம். ஒரே அறை, ஒரு மேஜை, சத்தம் போடுகிற ஃபேன். அடுத்தவர் வெளியே உட்கார வேண்டும் என்பது அங்கே சட்டம். ஃபைலை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “முதல்ல இருந்து சொல்லுங்க” என்றார். மாமா சொன்னார். அக்கா நடுவில் திருத்தினாள். அவர் இருவரையும் விட்டுவிட்டார். அப்புறம்தான் கேட்டார்.

“வீட்டைச் சுத்தி என்ன இருக்கு?”

“காலி மனைதான் டாக்டர். முள்ளு மண்டிக் கிடக்கு.”

“எலி?”

“இல்லாமலா?”

“புதர்ப் பக்கம் நீங்க போனீங்களா?”

மாமா யோசித்தார். அக்காதான் சொன்னாள்: “பாம்பு வருதுன்னு இவரேதான் டாக்டர் வெட்டினாரு. மூணு வாரம் இருக்கும். வேலைக்கு ஆளு வைங்கன்னா கேட்டாத்தானே.”

டாக்டர் எழுந்து, மாமாவைப் படுக்கவைத்து அக்குளைப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தளர்த்தச் சொல்லி, அரைஞாண் கயிற்றைக் கொஞ்சம் மேலே தள்ளினார். கயிறு படிந்திருந்த இடத்தில் ஒரு கறுத்த பொருக்கு. சுற்றிலும் லேசாகச் சிவந்திருந்தது, பீடி நுனியால் சுட்ட மாதிரி. மாமாவுக்கு அது இருப்பதே தெரியாது, வலிக்கவில்லை, அரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இத்தனை பேர் வந்து போனார்களே, ஒருவர்கூட அந்தக் கயிற்றை நகர்த்தவில்லை.

உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. எலி இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கும். கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துதான் ஜுரம் தலைகாட்டும். “டெங்குன்னா ஒரு வாரத்துல ஜுரம் விட்டிருக்கணும், இது விடலையே. தட்டணு இதுலயும் குறையும், கல்லீரலும் வீங்கும்” என்றார் டாக்டர். அவரும் டெஸ்ட் எழுதினார், ஒன்றே ஒன்று. சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள. ரிசல்ட்டுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்தக் கொடுத்த காசை விட மலிவான மாத்திரை. இரண்டு நாளில் ஜுரம் விட்டது. கவனிக்காமல் விட்டிருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் போயிருக்கும்.

இது என்ன அபூர்வமான நோயா? 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை உண்ணிக் காய்ச்சல் பற்றி எச்சரிக்கை விட்டபோது சொன்ன மாவட்டங்களில் சென்னையும் இருந்தது, எங்கள் திருவள்ளூரும் இருந்தது. மனைப்பிரிவு போட்டு, விற்று, பாதியில் புதராக விட்டிருக்கும் ஊர் இது. இந்த ஊரில் தொழில் நடத்துகிற டாக்டர் ‘வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது’ என்று கேட்காமல் வேறு எதைக் கேட்கப் போகிறார்?

வேலையைப் பற்றிக் கேட்பதும் இப்படித்தான் போச்சு. 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலியில் ரமாசினி என்ற வைத்தியர் தொழிலாளர்களின் நோய்களுக்கென்று தனியாக ஒரு புத்தகம் எழுதி, நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு ‘என்ன வேலை செய்கிறாய்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டார். முந்நூறு வருஷம் தாண்டிவிட்டது. 1960களிலிருந்து பட்டறையும் ஃபவுண்டரியும் பிரஸ் ஷாப்புமாக ஓடுகிற எஸ்டேட்டை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறது அம்பத்தூர். இங்கே ஆஸ்பத்திரி ஃபாரத்தில் தொழில் என்ற கட்டத்துக்கு நேரே என்ன இருக்கிறது? ‘பிரைவேட்’. கேட்டால் நம் ஆளும் “கம்பெனிக்குப் போறேன்” என்றுதான் சொல்லுவான். எந்த கம்பெனி, அங்கே என்ன வேலை, எத்தனை வருஷமாக என்று அடுத்த கேள்வி வர வேண்டாமா? ஃபவுண்டரியில் மணல் தூசியைப் பல வருஷம் முகர்ந்தவனுக்கு இருமலும் இளைப்பும் வந்தால் எக்ஸ்ரேயில் தெரிகிற நிழல் டி.பி. மாதிரியே இருக்கும். சிலிகோசிஸை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் இந்தியா முழுக்க உண்டு. அந்தத் தூசி உண்மையாகவே டி.பி.யையும் இழுத்துக்கொண்டு வரும் என்பதால் சிக்கல் இரட்டிப்பு. குரோமியம் முலாம் பூசுகிறவனுக்கு மூக்குத் தண்டில் புண் வரும். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவனிடம் ‘காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை’ என்று எழுதிக் கொடுத்தால் அவனுக்கு எது காலை?

கதை கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. கதைக்கும் ஆளைக் கவிழ்க்கிற சாமர்த்தியம் உண்டு. முதல் வாக்கியத்திலேயே டாக்டர் மனசுக்குள் ஒரு முடிவு கட்டிக்கொள்வார். அப்புறம் நாம் சொல்வதில் அதற்குப் பொருந்துவது மட்டும் அவர் காதில் விழும். ஜெரோம் குரூப்மன் என்ற அமெரிக்க டாக்டர் 2007இல் இதைப் பற்றியே, டாக்டர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று, ஒரு முழுப் புத்தகம் எழுதினார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ‘கேஸ்’. ஐம்பது வயசு அம்மா, கல்யாண வீட்டில் இரவு சாப்பாடு, விடியற்காலையில் நெஞ்சைக் கரிக்கிறது, வேர்க்கிறது. சொல்கிறவரும் “கேஸ்தான் டாக்டர்” என்கிறார். டாக்டரும் ஆமாம் என்கிறார். ஓமத் தண்ணியும் ஒரு கேஸ் மாத்திரையும். சுகர் இருக்கிறவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல்கூட வரும். கதை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று தோன்றும்போதே, இது வேறென்னவாக இருக்கக்கூடும் என்று ஒரு கேள்வி உள்ளே எழ வேண்டும். தர்க்கம் என்று அதைத்தானே சொல்கிறோம்? நம் சினிமா டாக்டர் கையைப் பிடித்த அடுத்த நொடியில் “நீங்க அம்மாவாகப் போறீங்க” என்று சொல்வாரே, அந்த வேகத்தில் நிஜ டாக்டரும் முடிவு கட்டினால் எப்படி?

நம் பக்கத்திலும் ஒளித்து வைப்பது ஏராளம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மூன்று நாள் போட்ட ஆன்டிபயாடிக்கைச் சொல்ல மாட்டோம். நாட்டு மருந்துக் கடைப் பொடியைச் சொல்ல மாட்டோம், டாக்டர் திட்டுவார். குடியைப் பாதியாகக் குறைத்துச் சொல்வோம். பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால் அதுவும் கிடையாது. இன்னொரு கூட்டம் இருக்கிறது: அரை மணி நேரம் கேட்டு, தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை, ரெஸ்ட் எடுங்கள் என்று அனுப்பிய டாக்டரை, “ஒரு ஊசிகூடப் போடல, இவருக்கு எதுக்கு ஃபீஸ்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிற கூட்டம். ட்ரிப்ஸ் ஏற்றினால்தான் வைத்தியம் என்று இவர்கள் நம்புகிற வரைக்கும் அந்த வயதான டாக்டரின் அறையில் கூட்டம் சேரப்போவதில்லை.

கேட்டு நோயைப் பிடிப்பது சென்னைக்குப் புதிய வித்தையுமில்லை. ஜி.எச். வாசலில் சிலையாக நிற்கிற டாக்டர் ரங்காச்சாரி 1934இல் காலமானவர், சி.டி. ஸ்கேனே 1970களில் வந்ததுதான். கே.வி.திருவேங்கடம் கட்டிலருகில் நின்று பாடம் எடுத்ததை ஸ்டான்லியிலும் எம்.எம்.சி.யிலும் படித்த தலைமுறை டாக்டர்கள் இன்னமும் பேசுவார்கள். அதே எம்.எம்.சி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போன ஆபிரகாம் வர்கீஸ் 2008இல் ஒரு கட்டுரையில் ஆதங்கப்பட்டார்: டாக்டர்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற நோயாளியை நன்றாகக் கவனிக்கிறார்கள், கட்டிலில் கிடக்கிற நிஜ ஆள்தான் என்ன நடக்கிறது என்று தெரியாமல் விழிக்கிறார் என்று. நம்மைவிட அதிக நேரம் கிடைக்கிற ஊரிலேயே இந்தப் புலம்பல். 2017இல் 67 நாடுகளை வைத்து ஒரு ஒப்பீடு வந்தது: ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்குகிற நேரம் சுவீடனில் 22 நிமிஷத்துக்கும் மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியா இரண்டு நிமிஷம் பக்கம். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காலை முழுக்கத் தலை நிமிராமல் பார்க்கிற டாக்டர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு நாற்காலியைவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கவே நேரமில்லை. எண்ணூறு ரூபாய் கன்சல்டேஷன் வாங்கிக்கொண்டு அதே இரண்டு நிமிஷத்தைத் தருகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு கொடுமை, கூட வருகிறவரை வெளியே நிறுத்துவது. “அட்டெண்டர் வெளிய இருங்க.” வரவேற்பறையில் திருக்குறளை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளைப் புரட்டிப் பார்க்கட்டும். நோயாளி, வைத்தியர், மருந்து, நோயாளி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவர் என்று நான்கையும் சேர்த்துத்தான் வள்ளுவர் மருத்துவம் என்கிறார். புதர் வெட்டியதை மாமா மறந்துவிட்டார். சொன்னது அக்கா. அவளை வெளியே நிறுத்தியிருந்தால்?

இத்தனைக்கும் கேட்டுக் கேட்டே நோயைப் பிடிக்கிற கலைக்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999இல் ஐ.சி.எம்.ஆர். உருவாக்கிய தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அயப்பாக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு ஊரில் பேதி பரவினால் யாருக்கு, எந்தத் தெருவில், எந்த நாளில், எந்தக் குழாய்த் தண்ணீர் என்று வீடு வீடாகக் கேட்டுப் பிடிக்கிற வேலைக்கு ஆட்களைத் தயார்செய்கிறார்கள். தொழுநோயையும் அப்படித்தான் தேட வேண்டியிருந்தது. உணர்ச்சியில்லாத தேமல் வலிக்காது, வலிக்காததை யாரும் டாக்டரிடம் கொண்டுபோக மாட்டார்கள். அடுப்பில் சூடு பட்டதே தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னால்தான் உண்டு. இன்றைக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 ஆகஸ்டிலிருந்து மாத்திரையோடு வீட்டுக்கு வருகிற பெண் ஊழியரிடம் எங்கள் தெருப் பாட்டிகள் எல்லாக் கதையும் சொல்லிவிடுகிறார்கள், தூக்கம் வராதது முதல் மகன் பேசாதது வரைக்கும். கதை கேட்கிறவர் ஒருவர், மருந்து எழுதுகிறவர் வேறொருவர். அவர் கேட்டது இவர் காதுக்குப் போய்ச் சேர ஃபாரத்தில் கட்டம் கிடையாது.

போன மாதம் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்தது. வாயால் சொன்னால் நடுவில் வெட்டுகிறார்கள், எழுதியே கொடுத்துவிடலாம் என்றாள் அக்கா. ஒரு முழுத்தாளில் நிதானமாக எழுதினோம். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் மட்டும் வருகிறது என்பது முதல் வரி. அரை நிமிஷத்தில் நின்றுவிடுகிறது, உட்கார்ந்திருக்கும்போது இல்லை, காது நன்றாகக் கேட்கிறது, கை கால் நன்றாக வேலை செய்கிறது, சாப்பிடுகிற மாத்திரைகள் இவை இவை என்று எல்லாம் வரிசையாக. டாக்டர் தாளை வாங்கிக்கொண்டார். “தலை சுத்தலா? வயசு என்னம்மா?” என்றார். அம்மா எழுபத்திரண்டு என்றாள். பிரிஸ்கிரிப்ஷன் பேட் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. தாளைத் திருப்பிப் போட்டு, எழுதாமல் விட்டிருந்த பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: மூளைக்கு எம்.ஆர்.ஐ., கழுத்துக்கு எக்ஸ்ரே, தைராய்டு, பி12, வைட்டமின் டி.